பாதிப் பொருத்தம் போதுமா?

இரத்தப் புற்றுநோய்க்கு உறவினர் தரும் குருத்தணுக்கள்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

கடந்த ஆண்டு குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு குடும்பம் வந்தது. தந்தைக்கு வயது 49. நெல்லும் சின்ன வெங்காயமும் பயிரிடும் விவசாயி. மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு ஏ.எம்.எல். என்னும் தீவிர இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கீமோதெரபியில் நோய் அடங்கியது. ஆயினும், அது திரும்பிவரும் வாய்ப்பு மிகுதி என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. நிலையான குணத்தை எதிர்பார்ப்பதானால் குருத்தணு மாற்றுச் சிகிச்சையே வழி என்று நாங்கள் சொல்லியிருந்தோம்.

அன்று அவர்கள் கொண்டுவந்தது எச்.எல்.ஏ. பொருத்த அறிக்கை. தங்கையோடு பொருத்தம் ஏதுமில்லை. அண்ணனுக்குப் பத்துக்கு ஐந்து. ஆனால் அவருக்கு வயது 60, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். மூத்த மகள் நிறைமாதக் கர்ப்பிணி. எஞ்சியவர் 23 வயது இளைய மகள். அவருக்கும் பத்துக்கு ஐந்து. அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டித் தாயார் கேட்டார்: “கல்யாணத்துக்கே பத்துல அஞ்சுன்னா யோசிப்போம். உசுரு காரியத்துக்கு அஞ்சு போதுமா டாக்டர்?”

அதுவரை பேசாதிருந்த தந்தை, “எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பொழச்சு என்ன செய்ய?” என்றார்.

இவ்விரு கேள்விகளையும் நாங்கள் வெவ்வேறு குடும்பங்களிடமிருந்து, வெவ்வேறு சொற்களில் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். ஒன்று சிகிச்சையைப் பற்றியது. மற்றொன்று கொடுப்பவரைப் பற்றியது. இரண்டுக்கும் இயன்றவரை தெளிவாக விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்குடும்பத்தின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.

யாருக்கு இச்சிகிச்சை வேண்டும்?

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய எல்லா இரத்த அணுக்களும் உருவாகின்றன. இவை யாவற்றுக்கும் மூலமாக இருப்பவை ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள். இரத்தப் புற்றுநோய் இந்த ஊற்றுக்கண்ணிலேயே பழுதை உண்டாக்குகிறது. குருத்தணு மாற்றுச் சிகிச்சையில், கடுமையான மருந்துகளால் நோயாளியின் மஜ்ஜையை வெறுமையாக்கி, வேறொருவரின் நலமான குருத்தணுக்களை இரத்த நாளம் வழியாகச் செலுத்துகிறோம். அவை தாமே மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறுகின்றன. புதிதாகத் தோன்றும் வெள்ளையணுக்கள், மறைந்து கிடக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. இச்சிகிச்சையின் ஆற்றலில் பெரும்பகுதி இந்தக் காவல் பணியில்தான் இருக்கிறது.

எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் இது தேவையில்லை. சி.எம்.எல். என்னும் நாட்பட்ட வகையைப் பெரும்பாலும் இமாட்டினிப் போன்ற மாத்திரைகளே கட்டுக்குள் வைக்கின்றன. ஏ.பி.எல். என்னும் வகை, வைட்டமின் ஏ சார்ந்த மருந்தாலும் ஆர்செனிக் மருந்தாலும் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. மைலோமாவுக்கு நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே எடுத்துத் திருப்பிச் செலுத்துகிறோம். பிறருடைய குருத்தணு தேவைப்படுவது, திரும்பிவரும் அபாயம் மிகுந்த ஏ.எம்.எல்., ஏ.எல்.எல். நோய்கள், முற்றிய எம்.டி.எஸ்., மற்றச் சிகிச்சைகளுக்குப் பின்னும் மீண்டும் வந்த சில லிம்போமாக்கள் ஆகியவற்றுக்கே. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் செய்தால்தான் பலன் மிகுதி. ஆகவே கொடையாளரைத் தேடும் பணியை முதல் கீமோதெரபியின்போதே தொடங்கிவிட வேண்டும்.

பத்துக்குப் பத்து என்பது என்ன?

நம் உடலின் பெரும்பாலான வகை அணுக்கள் தம் மேற்பரப்பில் ஓர் அடையாளச் சீட்டைத் தாங்கியிருக்கின்றன. அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ழான் டொசே 1958இல் இதன் முதற்கூறைக் கண்டறிந்தார். அதற்காக 1980இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏ, பி, சி, டி.ஆர்.பி.1, டி.கியூ.பி.1 என்னும் ஐந்து மரபணுக்களைப் பார்க்கிறோம். ஒவ்வொன்றிலும் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஆக மொத்தம் பத்து. இந்தப் பத்துக்கும் சாதகத்தின் பத்துப் பொருத்தத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எண் ஒத்துப்போனது தற்செயல்.

இந்த ஐந்து மரபணுக்களும் ஆறாம் குரோமோசோமில் அருகருகே இருப்பதால், பெரும்பாலும் ஒரே கட்டாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. தந்தையிடம் இரண்டு கட்டுகள், தாயிடம் இரண்டு கட்டுகள். ஒவ்வொரு பிள்ளையும் தந்தையிடமிருந்து ஒன்றையும் தாயிடமிருந்து ஒன்றையும் பெறுகிறது. எனவே உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு. பாதி பொருந்த 50 விழுக்காடு. சிறிதும் பொருந்தாதிருக்க 25 விழுக்காடு. உடன்பிறந்தோர் இருவர் என்றால், அவர்களுள் ஒருவரேனும் முழுதும் பொருந்தும் வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு. மூவர் என்றால் சுமார் 58. நம் பாட்டிமார் காலத்துக் குடும்பங்களில் இந்தத் தேடல் எளிதாயிருந்திருக்கும். ஒன்றிரண்டு பிள்ளைகளே பிறக்கும் இன்றைய தமிழ்நாட்டில் அது அரிதாகி வருகிறது.

இங்கு நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு உண்டு. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த குடும்பங்களில், ஒரே கட்டு இரு வழியாகவும் வந்து சேரக்கூடும். அதனால் பெற்றோர், பிள்ளைகள், சில வேளைகளில் அத்தை மாமன் பிள்ளைகள்கூட முழுதும் பொருந்துவதுண்டு. “உங்கள் வீட்டில் சொந்தத்தில் திருமணம் உண்டா?” என்று நாங்கள் கேட்பது குறைகாண்பதற்காக அன்று, இந்த வாய்ப்பைத் தவறவிடாதிருப்பதற்காக.

குடும்பத்தில் முழுப் பொருத்தம் இல்லையெனில், முன்பின் அறியாத தன்னார்வக் கொடையாளர்களின் பதிவேடுகளில் தேடலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி அமைப்பு 2009 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. உலகெங்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகைய பதிவேடுகளில் இருக்கின்றனர். ஆயினும் அவர்களுள் இந்தியர் சிறுபகுதியினரே, நம்மிடையே எச்.எல்.ஏ. வேறுபாடுகளோ மிகப் பல. ஒருவர் கிடைத்தாலும், அவரை அழைத்துச் சோதித்துக் குருத்தணுவைப் பெற வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகலாம், செலவும் கூடுகிறது. நோய் அத்தனை நாள் காத்திருப்பதில்லை.

ஆனால் பாதிப் பொருத்தமுள்ளவர் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். தாயும் தந்தையும் தம் பிள்ளைக்கு எப்போதும் குறைந்தது பாதி பொருந்துவர். பிள்ளைகள் பெற்றோருக்கும் அவ்வாறே. உடன்பிறந்தோரில் பாதிப்பேர் பாதி பொருந்துவர்.

ஒரு பழைய மருந்து திறந்த கதவு

பாதிப் பொருத்தம் இத்தனை எளிதில் கிடைக்குமாயின், முன்பே ஏன் செய்யவில்லை? அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957இல் மனிதருக்கு மஜ்ஜையைச் செலுத்திய முதல் முயற்சிகளை வெளியிட்டார்; 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது; தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. அக்காலத்தில் முழுதும் பொருந்தும் உடன்பிறந்தோர் இருந்தவர்களுக்கே பெரும்பாலும் இவ்வாய்ப்பு கிட்டியது.

காரணம் இது. கொடையாளரின் குருத்தணுக்களோடு டி அணுக்கள் என்னும் காவல் அணுக்களும் சேர்ந்தே வருகின்றன. புதிய உடலின் அடையாளச் சீட்டு பாதி வேறாயிருப்பதைக் கண்டு, அவை நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைப் பகையென எண்ணித் தாக்குகின்றன. இதை ஜி.வி.எச்.டி. என்கிறோம். பாதிப் பொருத்தத்தில் இது முன்பெல்லாம் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மூண்டது. இத்தாலியின் பெருஜியா நகர மருத்துவர்கள் 1990களில் டி அணுக்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, மிக அதிகமான குருத்தணுக்களைச் செலுத்தினர். ஜி.வி.எச்.டி. குறைந்தது, ஆனால் காவல் இல்லாத உடலில் தொற்றுகள் பெருகின. சீனாவின் பெய்ஜிங் மருத்துவர்கள் வேறு மருந்துகளைக் கொண்டு மற்றொரு முறையை வகுத்தனர்.

இன்று நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படுவது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவான முறை. அங்குள்ள மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. குருத்தணுவைச் செலுத்திய பின் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை அதிக அளவில் கொடுப்பதே அம்முறை. 1950களின் இறுதியிலிருந்து வழக்கில் இருக்கும், விலை குறைந்த மருந்து இது.

வயலில் இதற்கோர் ஒப்புமை உண்டு. விதைக்கும் முன் நீர் பாய்ச்சிக் களையை முளைக்கவிட்டு, முளைத்ததும் உழுது அழிக்கும் வழக்கத்தை உழவர் அறிவர். அதுபோல, நோயாளியின் உடலைப் பகையெனக் கருதும் டி அணுக்கள் முதல் இரண்டு மூன்று நாளிலேயே கிளர்ந்து பெருகத் தொடங்குகின்றன. பெருகும் அணுக்களையே சைக்ளோபாஸ்பமைடு மிகுதியாகத் தாக்கும். அமைதியாயிருக்கும் மற்ற டி அணுக்கள் பெரும்பாலும் தப்புகின்றன. குருத்தணுக்களிடம் இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி நிரம்ப இருப்பதால், அவையும் பிழைக்கின்றன. இதன் நுட்பங்கள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பின், முழுப் பொருத்தமுள்ள கொடையாளர்களிடத்தும் இம்முறையே பல மையங்களில் பின்பற்றப்படுகிறது.

பலன் எவ்வளவு?

மிகைப்படுத்தாமல் சொல்வது எங்கள் கடமை. அமெரிக்காவில் லுகேமியா, லிம்போமா நோயுற்ற 368 பெரியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. பாதிப் பொருத்தமுள்ள உறவினரின் மஜ்ஜையையும், தொப்புள்கொடி இரத்தத்தையும் அது ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பாதிப் பொருத்தப் பிரிவில் நூற்றுக்கு 57 பேரும் மற்றப் பிரிவில் 46 பேரும் உயிருடன் இருந்தனர். நோய் திரும்பாமல் சிகிச்சையின் பக்க விளைவுகளாலேயே இறந்தோர் முறையே 11 விழுக்காடு, 18 விழுக்காடு.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. வேறு வழி மூடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டைக் கடந்தனர். அதே வேளையில், நூற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியதே காரணம். நம் நாட்டில் மற்றொரு பகையும் உண்டு: பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்படாத பாக்டீரியாக்கள். வெள்ளையணு இல்லாத நாள்களில் அவை மிகக் கொடியவை. எனவே தனியொருவருக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது அவரது நோயின் வகை, மாற்றின்போது நோய் அடங்கியிருந்ததா என்பது, வயது, இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நலம் இவற்றைப் பொறுத்தது. அந்த எண்ணை உங்கள் மருத்துவரிடம் நேரே கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்?

தந்தையின் கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு பெரிய அச்சத்தை நீக்க வேண்டும். குருத்தணு எடுப்பதற்கும் முதுகுத் தண்டுவடத்துக்கும் தொடர்பில்லை. கை கால் விளங்காமல் போகும் என்பது தவறான பேச்சு.

எடுக்கும் முறைகள் இரண்டு. முதல் முறையில், குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவழைக்கும் ஊசி நான்கைந்து நாள் தோலடியில் போடப்படும். எலும்பு வலியும் தலைவலியும் வரும், பாராசிட்டமாலில் அடங்கும். பின்னர்க் கைநரம்பிலிருந்து இரத்தம் ஓர் இயந்திரத்துள் சென்று, குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டு, எஞ்சியது உடலுக்கே திரும்பும். நான்கைந்து மணி நேரமாகும். அப்போது இரத்தத்தில் கால்சியம் குறைவதால் உதடும் விரல் நுனியும் மரத்தாற்போல் தோன்றும். கால்சியம் கொடுத்தால் சரியாகும். இரண்டாம் முறையில், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜை எடுக்கப்படும். ஓரிரு நாள் மருத்துவமனையில் தங்க நேரிடும். இடுப்பு வலி சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கலாம். எடுத்த மஜ்ஜையை உடல் சில வாரங்களில் நிரப்பிக்கொள்கிறது. கொடையாளருக்குக் கடுமையான தீங்கு நேர்வது மிக அரிது. ஆனால் அறவே இல்லையென்று சொல்ல மாட்டோம். அதனால்தான் முன்கூட்டியே முழுப் பரிசோதனை செய்கிறோம்.

திருமணமாகாத பெண்கள் கொடுக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் தாழ்ந்த குரலில், வாசலை நோக்கியபடி கேட்கப்படுகிறது. கொடுக்கலாம். மாதவிலக்கையோ கருத்தரிப்பையோ பிள்ளைப்பேற்றையோ அது பாதிப்பதில்லை. கர்ப்பிணிகளிடம் மட்டும் எடுப்பதில்லை.

பலர் பாதி பொருந்தும்போது, இளையவரும் நல்ல உடல்நலமுள்ளவருமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவர். நோயாளி பிள்ளை பெற்ற தாயாக இருந்தால் ஒரு சோதனை இன்றியமையாதது. கருவுற்ற காலத்தில் கணவர் வழி எச்.எல்.ஏ. கூறுகளுக்கு எதிராக அவர் உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கலாம். தம் பிள்ளையின் குருத்தணுக்களையே அவை அழித்துவிடக்கூடும். எதிர்ப்பொருள் இருப்பின், உடன்பிறந்தோர் போன்ற வேறு கொடையாளரை நாடுவோம். அல்லது அதைக் குறைக்கும் சிகிச்சையை முதலில் அளிப்போம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது விருப்பம். கொடையாளரை நோயாளியின் மருத்துவர் அல்லாத மற்றொரு மருத்துவர், குடும்பத்தார் இல்லாமல் தனியே சந்தித்துப் பேச வேண்டும். அவர் மறுக்கலாம். மறுத்தால், ‘மருத்துவக் காரணங்களால் இவர் பொருந்தவில்லை’ என்பதற்கு மேல் குடும்பத்துக்கு எதுவும் சொல்லப்படாது. உடன்பிறப்பென்றும் பிள்ளையென்றும் சொல்லி ஒருவரை நெருக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. ஆனால் முடிவை மாற்ற ஒரு கெடு உண்டு. நோயாளிக்கு மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்து தொடங்கிய பின் கொடையாளர் விலகினால், நோயாளியின் உயிர் பறிபோகும். எனவே ஐயமனைத்தையும் அதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த இளைய மகளையும் தனியே சந்தித்தோம். அவருக்குத் தன் உடல்நலம் குறித்த கேள்விகள் நான்கைந்து இருந்தன. இறுதியாக அவர் கேட்டது: “நான் கொடுத்தும் அப்பாவுக்குச் சரியாகலைன்னா, அது என் தப்பாகுமா?” ஆகாது என்று சொன்னோம். நோய் திரும்புவதற்கும் கொடுத்தவரின் நற்பண்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொடையாளர்கள் அனைவரும் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே இங்கும் எழுதிவைக்கிறோம்.

நாள் கணக்கு

மாற்று மையத்தில் நாள்கள் தனிமுறையில் எண்ணப்படும். குருத்தணு செலுத்தும் நாள் ‘பூச்சியம்’. அதற்கு முந்தைய ஒரு வாரம், மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்துகள். சிலருக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சும் உண்டு. பூச்சியம் நாள் பலருக்கு ஏமாற்றம் அளிக்கும். அறுவை இல்லை, ஒரு பை இரத்தம் ஏற்றுவது போலவே அது முடிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வருவது இம்முறையில் இயல்பு. எனினும் தொற்றுக்கான மருந்தையும் தொடங்கிவிடுவர். மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைடு. சிறுநீர்ப்பையைக் காக்க நிறைய நீரும் மெஸ்னா என்னும் மருந்தும் ஏற்றப்படும். ஐந்தாம் நாள் முதல் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் என்னும் எதிர்ப்படக்கு மருந்துகள்.

அதன்பின் காத்திருப்பு. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, உணவில் வெறுப்பு, பேசவும் விருப்பமின்மை. பெரும்பாலோருக்கு 15 முதல் 20 நாளுக்குள் வெள்ளையணு தலைகாட்டும். தட்டணு மேலும் சில நாள் தாமதிக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் உள்ளிருப்பு. அதன்பின் நூறாம் நாள் வரை மையத்துக்கு அருகிலேயே வீடெடுத்துத் தங்கி, வாரம் இரு முறையேனும் சோதனை. சி.எம்.வி. போன்ற வைரஸ்கள் இக்காலத்தில் உறக்கம் கலைந்து எழும். குருதிச் சோதனையில் கண்டதும் மருந்து தொடங்கப்படும். உள்ளே இருப்பவை யாருடைய அணுக்கள் என்பதைக் காட்டும் சோதனையும் இக்காலத்தில் செய்யப்படும்.

தென்காசியிலிருந்து புறப்படும் முன்

முதலாவதும் பலர் அறியாததும் இதுதான்: நோயாளிக்கு நெருங்கிய உறவினரின் இரத்தத்தை ஏற்றக் கூடாது. நோய் தெரிந்த அன்றே அண்ணன் தம்பியர் கை நீட்டுவது நம் ஊரின் பண்பு. ஆனால் நாளை குருத்தணு தரவேண்டியவரின் இரத்தம் இன்று ஏறினால், அவருக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகக்கூடும். உறவினர் இரத்த வங்கியில் கொடுக்கட்டும். அது வேறொரு நோயாளிக்குப் போகட்டும். மாற்றுக்குப் பின் ஏற்றப்படும் இரத்தமும் தட்டணுவும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பேறு வேண்டும் இளம் நோயாளிகள், விந்தணுவையோ கருமுட்டையையோ முன்னதாகச் சேமிப்பது குறித்துக் கேட்க வேண்டும். மாற்றுக்குப் பின் அந்த வாய்ப்பு பெரும்பாலும் இராது. சொத்தைப் பற்களைச் சீர்செய்து, காசநோய்ச் சோதனையையும் முடித்துவிட வேண்டும். மூன்று நான்கு மாதம் உடனிருக்கும் ஒருவரை முன்பே உறுதி செய்ய வேண்டும். அறுவடையையும் பிள்ளைகளின் பள்ளியையும் யார் பார்ப்பது என்பதும் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியே.

செலவு பல இலட்சங்கள் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றில் உதவி பெறும் வழிகளை எங்கள் சமூகப் பணியாளர் விளக்குவார். நம் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. அடையாள அட்டை உள்ள தொழிலாளர் குடும்பங்கள், மைய அரசின் தொழிலாளர் நல அமைப்பிலும் விசாரிக்க வேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. செங்கோட்டையிலிருந்து புறப்பட்டுத் தென்காசி வழியே சென்னை செல்லும் பொதிகை விரைவு இரயிலுக்கும் இது பொருந்தும். அதற்கான சான்றிதழை இங்கேயே தருகிறோம். நகையை அடகு வைக்கும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பின்

வீட்டுக்கு வந்ததும் சிகிச்சை முடிந்ததாக எண்ண வேண்டாம். முதல் ஓராண்டு எதிர்ப்பாற்றல் ஒரு கைக்குழந்தையினுடையதைப் போன்றது. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் காப்பும் பெரிதும் போய்விடுவதால், மருத்துவர் குறிக்கும் அட்டவணைப்படி அவற்றை மீண்டும் போட வேண்டும். வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்திருந்தால், சில வாரங்களுக்கு அதன் மலத்துணியை நோயாளி கையாளக் கூடாது.

சாரல் காலம் நமக்கு மகிழ்ச்சி தருவது. ஈரச் சுவரில் படரும் பூஞ்சைக்கும் அவ்வாறே. அது நுரையீரலைத் தாக்கும். நோயாளியின் அறை உலர்ந்து, காற்றோட்டத்துடன் இருக்கட்டும். வைக்கோல், எருக்குழி, நெல் தூற்றும் களம் ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். அருவியிலும் ஆற்றிலும் குளத்திலும் குளிக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் நீர் மண்ணையும் இலைச் சருகையும் கழுவிக்கொண்டு வருகிறது. பேரருவியில் நெருங்கி நிற்கும் கூட்டமும் தொற்றுக்கு வழி. கொதித்து ஆறிய நீர், வீட்டில் சூடாகச் சமைத்த உணவு, நன்கு கழுவித் தோலுரித்த பழம் ஆகியவை போதும். பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம்; இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை அது உயர்த்தக்கூடும்.

குற்றாலம் மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த மரபின் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் எந்தச் சூரணமும் கசாயமும் லேகியமும் எங்களிடம் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். டாக்ரோலிமஸின் அளவு கூடினால் சிறுநீரகம் கெடும், குறைந்தால் ஜி.வி.எச்.டி. மூளும்.

உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். புதிய தோல் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல், மூச்சிரைப்பு, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. மாற்று மையம் தந்த மருந்துச் சுருக்கத்தை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.

இரு குடும்பங்கள்

கடந்த ஆண்டு எங்களிடமிருந்து சென்ற மற்றொருவர் 36 வயதுப் பெண், ஏ.எல்.எல். நோய். பாதி பொருந்திய தம்பி மனமுவந்து கொடுத்தார். அணுக்கள் நன்றாகவே வேர்விட்டன. ஏழாம் மாதம் நோய் திரும்பியது. அவரை நாங்கள் இழந்தோம். அவர் கணவர் அண்மையில் வந்து, மீந்துபோன மருந்துகளையும் வெப்பமானியையும் எங்களிடம் கொடுத்து, இல்லாதவர்க்குத் தரச் சொன்னார். அத்தம்பியையும் அழைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கொடுத்தது வீணாகவில்லை என்றோம். அக்காளுக்குப் பிள்ளைகளோடு கிடைத்த அந்த மாதங்கள் அவர் தந்தவையே.

விவசாயிக்கு இது பத்தாம் மாதம். பதினேழாம் நாள் வெள்ளையணு எழுந்தது. இடையில் சி.எம்.வி. வந்து தணிந்தது, தோலில் ஜி.வி.எச்.டி. சிறிது தோன்றி மருந்துக்கு அடங்கியது. அவருடைய இரத்த வகை ஓ பாசிட்டிவ்வாக இருந்தது. இப்போது மகளுடையதைப் போலப் பி பாசிட்டிவ். மஜ்ஜையில் இருப்பவை முழுதும் மகளின் அணுக்களே என்று சோதனை சொல்கிறது. முதல் இரண்டாண்டுகளே நோய் திரும்பும் அபாயம் மிகுந்தவை என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

மகளுக்கு ஆவணியில் திருமணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை மறைக்க வேண்டுமா என்று தாயார் கேட்டபோது, அவர்களையும் அழைத்துவரச் சொன்னோம். வந்தார்கள், இக்கட்டுரையில் கொடையாளர் பற்றிச் சொன்னவற்றையே அவர்களுக்கும் சொன்னோம். கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் தந்தை, தமக்கும் சோதனை செய்து பதிவேட்டில் சேர முடியுமா என்றார். வயது வரம்பைக் கடந்துவிட்டீர்கள், உங்கள் மகன் சேரலாம் என்றோம்.

புறப்படும்போது விவசாயி ஒன்று கேட்டார். இந்தச் சாரலுக்கு அருவியில் குளிக்கலாமா? கூடாது என்றோம். எதிர்ப்படக்கு மருந்துகள் முற்றிலும் நின்று, தடுப்பூசிகளும் முடியட்டும். அடுத்த சாரலின்போது கேளுங்கள் என்றோம். சரி என்று சொல்லி, அடுத்த சோதனைக்கான நாளை அட்டையில் குறித்துக்கொண்டு சென்றார்.

கொடையாளர் தேர்வு, பொருத்தச் சோதனை, நிதியுதவி குறித்து ஐயம் உள்ள குடும்பங்கள் எங்கள் புறநோயாளர் பிரிவில் மருத்துவரையும் சமூகப் பணியாளரையும் சந்திக்கலாம். வரும்போது நோயாளியின் அறிக்கைகளோடு, உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் வயதையும் இரத்த வகையையும் உடல்நலக் குறிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கொடையாளரைத் தேடும் பணியை அந்தத் தாளிலிருந்தே தொடங்குவோம்.